எண்பத்து நான்கு பாகங்களும் ஒரு நடைப்பயிற்சியும்

இனிமேல் எந்தச் சனிக்கிழமையும் வாயை மூடிக்கொண்டு உட்காரப் போவதில்லை என்று மெக்கானிக் சபதம் எடுத்தார். அப்போது அவர் வாயை மூடிக்கொண்டுதான் உட்கார்ந்திருந்தார். அதனால் சபதம் யாருக்கும் கேட்கவில்லை.

இடம் படுக்கையறை. ஜன்னல் சாத்தியிருந்தது. மின்விசிறி நின்றிருந்தது. எதிரொலி வரக்கூடாது என்று இரண்டு மெத்தைகளைச் சுவரில் நிமிர்த்திச் சாய்த்திருந்தார்கள். சமையலறையில் ஃபிரிட்ஜின் ஒயரைக்கூடப் பிடுங்கியாகிவிட்டது, அது உறுமுகிறதாம். கட்டிலின் ஒரு முனையில் அவர் மனைவி மைக்கின் முன்னால் உட்கார்ந்து, சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுப்பது எப்படி என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்தாள். மறுமுனையில் மெக்கானிக். காதில் ஹெட்ஃபோன், மடியில் லேப்டாப், தொண்டையில் இருமல்.

இருமலை விழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. காஜா பாடம் அவரை உருக்கிவிட்டதாக அவள் நினைத்திருக்கலாம்.

மெக்கானிக் ஆடைத் தொழிற்சாலையில் முப்பத்தோரு வருஷம் தையல் மெஷின் பழுது பார்த்தவர். ஓய்வு பெற்ற அன்றைக்குத் திருப்புளிகளைத் துடைத்து, எண்ணெய் போட்டு, பெட்டியில் வைத்துப் பூட்டினார். "இனி இந்த ஜென்மத்துல ஒரு தையல் மெஷினைத் தொட்டேன்னா என்னை ஏன்னு கேளு" என்றார்.

"சரிங்க" என்றாள் மனைவி.

அவள் எதற்கும் "சரிங்க" என்று சொல்கிறவள். அங்கேதான் அவர் உஷாராக இருந்திருக்க வேண்டும்.

அவள் தையல்காரி. பிள்ளைகள் வளர்ந்து, கல்யாணமாகி, தனித்தனியாகப் போனபிறகு வீடு ரொம்ப அமைதியாகிவிட்டது. அந்த அமைதியை வீணாக்குவானேன் என்று பாட்காஸ்ட் ஆரம்பித்தாள். பெயர் 'ஊசிக்காது'. கையால் செய்கிற வேலையைக் காது வழியாகச் சொல்லித்தர முடியுமா என்று மெக்கானிக் சிரித்தார். ஒரு பாகம் முடிய இரண்டு சனிக்கிழமை பிடிக்கும். மூன்று வருஷத்தில் எண்பத்து நான்கு பாகம் ஆகிவிட்டது. பஸ்ஸில் போகிறவர்கள், பாத்திரம் கழுவுகிறவர்கள், ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்கார்ந்திருக்கிறவர்கள் என்று எங்கெங்கோ கேட்டார்கள். கேட்கிறவர்களுக்கு அவள் 'தையலக்கா'. மெக்கானிக்குக்கு அது கட்டாய உத்தியோகம். சம்பளம் கிடையாது, இருமலும் கிடையாது.

பதிவுக்குச் சனிக்கிழமை காலை பத்து மணிதான். வேறு நேரம் ஒத்துவராது. மாடி வீட்டுக் குழந்தை வாரம் முழுக்கத் தரையில் குதித்துக்கொண்டே இருக்கும். சனிக்கிழமை பத்து மணிக்கு மட்டும் நீச்சல் வகுப்புக்குப் போகும். அந்த இரண்டு மணி நேரம் கடவுள் கொடுத்தது என்பாள் மனைவி.

பொது நூலகத்தின் மாடியில் செஸ் போட்டி நடப்பதும் சனிக்கிழமை பத்து மணிக்குத்தான். அந்த இரண்டு மணி நேரத்தை யார் கொடுத்தது என்று மெக்கானிக் யாரிடம் போய்க் கேட்பார்?

பத்து வாரப் போட்டி. கடைசியில் ஒரு கோப்பை. போன வருஷம் அந்தக் கோப்பை பல் டாக்டருக்குப் போனது. அதற்கு முந்தின வருஷமும் அவருக்குத்தான். பல் டாக்டரிடம் மெக்கானிக் பதினோரு முறை தோற்றிருந்தார். அந்த மனிதர் ஆடும்போது பேசவே மாட்டார். "கொஞ்சம் வலிக்கும்" என்று மட்டும் சொல்லிவிட்டு யானையைப் பிடுங்குவார்.

பதினோராவது முறை தோற்றுவிட்டு வந்த அன்றைக்குத்தான் மெக்கானிக் சூடான இஸ்திரிப் பெட்டியை ஒரு வாடிக்கையாளரின் கோட்டின் மேல் வைத்துவிட்டு, மந்திரியை எங்கே நகர்த்தியிருக்கலாம் என்று யோசித்தார். மந்திரிக்கு இடம் கிடைத்தபோது கோட்டில் ஓட்டை விழுந்திருந்தது. மனைவி சத்தம் போடவில்லை. "விளையாட வேண்டாம்னு சொல்லலைங்க. வீட்டைத் தோத்துடாதீங்க" என்றாள். அதற்குப் பதிலாகத் திட்டியிருக்கலாம். மெக்கானிக் அன்றைக்கே செஸ்ஸை விடுவதாகச் சபதம் எடுத்தார். சபதம் எடுப்பதில் அவர் கைராசிக்காரர்.

ஆனால் இந்த வருஷம் பல் டாக்டருக்குக் கண்ணில் புரை என்று கேள்வி. இதைவிட நல்ல நேரம் வராது.

காஜா பாடம் முடிந்த சாயங்காலமே மெக்கானிக் மாப்பிள்ளைக்குப் போன் போட்டார். மாப்பிள்ளைக்குக் கம்ப்யூட்டர் உத்தியோகம். போனைக் காதில் வைத்தால் சூடாகிறது என்று மேஜைமேல் ஸ்பீக்கரில் வைத்தார். மனைவி பக்கத்து அறையில் துணி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"மாப்ளே, உங்க அத்தைக்குத் தொண்டை சரியில்லை. வாரா வாரம் புதுசா பேசாம இந்த நிகழ்ச்சியை ஓட்ட வழி இருக்கா?"

"இருக்கு மாமா. பழைய பாகத்துல ஒரு இடத்தைக் குறிச்சு வச்சிரணும். அந்த இடத்துல என்ன கேக்கணும்ங்கறதை நாம அப்பப்ப மாத்திக்கலாம். மூணு வருஷத்துக்கு முந்தின பாகத்தை இன்னிக்கு ஒருத்தர் திறந்தாலும், நடுவுல இந்த மாசத்துப் பேச்சு வரும். கேக்கறவங்களுக்கு அது புதுசா இருக்கும்."

"பழைய பேச்சு?"

"அது அப்படியே இருக்கும். ஒட்டு மட்டும் மாறும்."

"எண்பத்து நாலுக்கும் எண்பத்து நாலு ஒட்டுப் போடணுமா?"

"ஒண்ணே ஒண்ணு போதும் மாமா. எல்லாத்துலயும் ஒரே நேரத்துல போய் உக்காந்துக்கும்."

பக்கத்து அறையில் கத்தரிக்கோல் நின்றது. "பழைய சட்டைக்குப் பொத்தானை மட்டும் மாத்தற மாதிரியா, மாப்பிள்ளை?"

"அதேதான் அத்தை!"

மெக்கானிக்குக்குச் சுருக்கென்றது. அவர் இன்னும் ஒட்டு எங்கே ஒட்டுகிறது என்பதிலேயே நின்றுகொண்டிருந்தார்.

"ஒரே ஒரு சங்கதி மாமா. முன்னாடியே போன்ல இறக்கி வச்சவங்களுக்கு மாறாது. அவங்க இறக்கினப்ப என்ன இருந்துச்சோ அதுதான் இருக்கும்."

"அது கெடக்கட்டும்" என்றார் மெக்கானிக்.

அன்றைக்கு அவர் மனைவியிடம் பேசிய பேச்சை ஒரு பாகமாகவே போட்டிருக்கலாம். அவ்வளவு உருக்கம். "உன் தொண்டைதான் எனக்கு முக்கியம். எண்பத்து நாலு பாகம் பேசியாச்சு. துணியில வெட்டாத வெட்டு இருக்கா, தைக்காத தையல் இருக்கா? மாசத்துக்கு ஒரு நிமிஷம் புதுசா பேசு. மழையைப் பத்திச் சொல்லு, வெயிலைப் பத்திச் சொல்லு. எல்லாப் பாகமும் நேத்துப் பறிச்ச கீரை மாதிரி இருக்கும்."

"அப்ப சனிக்கிழமை?"

"ஓய்வெடு."

"நீங்க?"

"நான்... நடக்கலாம்னு இருக்கேன். டாக்டர் சொல்லியிருக்காரு. பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும்."

எந்த டாக்டர் என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பல் டாக்டர் என்று உளறியிருப்பார்.

"சரிங்க" என்றாள்.

மாடிக் குழந்தை மூச்சு வாங்க நின்ற ஒரு நிமிஷத்தில் அந்த மாசத்துக்கான அவளுடைய ஒரு நிமிஷ வாழ்த்தைப் பதிவு செய்தார்கள். அவள் எழுந்து போனபிறகு மெக்கானிக் நிகழ்ச்சியின் இணையதளத்தைத் திறந்தார். எண்பத்து நான்கு பாகத்திலும் இடம் குறித்தார். முதலில் எதையாவது பேசிச் சோதித்துப் பாருங்கள் என்று மாப்பிள்ளை சொல்லியிருந்தான். மெக்கானிக் மைக்கைப் பிடித்தார். வருஷக்கணக்காக அந்த மைக்கின் முன்னால் வாயை மூடிக்கொண்டு இருந்தவர். மடை திறந்துகொண்டது.

"சோதனை, சோதனை. ஒன்று, இரண்டு, மூன்று. இன்று முதல் எனக்குச் சனிக்கிழமை விடுதலை! நடக்கப் போகிறேன் என்று சொல்லிவிட்டுச் செஸ் ஆடப் போகிறேன். வீட்டில் யாருக்கும் தெரியாது. பல் டாக்டரே, கேட்டுக்கொள்ளும். உம்முடைய ராணி இனி என் சட்டைப் பையில்!"

அதைத் தளத்தில் ஏற்றினார். பிறகு மனைவியின் வாழ்த்தையும் ஏற்றினார். காஜா பாகத்தைத் திறந்து கேட்டார். வாழ்த்து வந்தது. திருப்தியாக மூடினார். நுணலும் தன் வாயால் கெடும் என்று சொன்னவர்கள் சும்மா சொல்லவில்லை. ஆனால் அந்த நுணலுக்காவது உடனே தெரிந்துவிடும்.

முதல் சனிக்கிழமை தொப்பி போட்டுக்கொண்டு கிளம்பினார். நூலக மாடியில் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரை இருபத்தெட்டே நகர்த்தலில் வென்றார். வீடு திரும்புமுன் நூலகக் குழாயடியில் நின்று நெற்றியிலும் கழுத்திலும் தண்ணீர் தெளித்துக்கொண்டார். முதுகுக்கு ஒரு கை தண்ணீர். நடந்தவன் வேர்க்காமல் வந்தால் சந்தேகம் வருமே.

மனைவி துண்டை நீட்டினாள். "நல்லா வேர்த்திருக்கே."

"வேகமா நடந்தேன்."

"சில்லுன்னு இருக்கே, வேர்வை."

"ரொம்ப வேகமா நடந்தேன்."

"சரிங்க" என்றாள்.

இரண்டாவது வாரமும் வென்றார். மூன்றாவது வாரத்திலிருந்துதான் உலகம் அவரிடம் கொஞ்சம் அதிகமாகச் சிரிக்க ஆரம்பித்தது. பொத்தான் கடைக்காரி, "நடை எப்படிண்ணே போகுது?" என்று கேட்டாள்.

"போகுதும்மா."

"பாத்துப் போங்க. குதிரை குறுக்கே வந்துடும்."

இந்தத் தெருவில் குதிரை ஏது என்று மெக்கானிக் வீடு வரைக்கும் யோசித்துக்கொண்டே வந்தார். தபால்காரர் கடிதத்தைக் கொடுத்துவிட்டு, "சனிக்கிழமை விடுதலைதானே சார்?" என்றார். "ஆமா, உங்களுக்குமா?" என்று மெக்கானிக் அன்பாக விசாரித்தார். நூலக மாடியில் பல் டாக்டர் அவரைப் பார்த்ததும், பேசாத மனிதர், பக்கத்தில் வந்து அவருடைய சட்டைப் பையை உற்றுப் பார்த்தார். "உள்ளே யாரும் இல்லையே" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கண்ணில் புரை முற்றிவிட்டது போலிருக்கிறது என்று மெக்கானிக் சந்தோஷப்பட்டார்.

நாலாவது வாரம் மனைவி ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து அவர் மடியில் வைத்தாள். நடைப்பயிற்சிக்கென்றே விற்கிற காலணி. வெள்ளை நிறம், நல்ல உள்மெத்தை. "இவ்வளவு சிரத்தையா நடக்கிறீங்க. பழைய செருப்போட எதுக்கு?"

மெக்கானிக் ஒரு காலணியைக் கையில் எடுத்துப் பார்த்தார். கடவுளே, இப்படி ஒரு நல்ல மனுஷியை ஏமாற்றுகிறோமே என்று ஒரு கணம் நினைத்தார். காலை உள்ளே விட்டார். அடுத்த கணம் வேறு நினைத்தார். காலணி ஒரு அளவு சின்னது. பத்து விரலும் உள்ளே மடங்கிக் கும்பிட்டுக்கொண்டிருந்தன.

"சரியா இருக்கா?"

இறுக்குகிறது என்று சொன்னால் கடைக்குப் போய் மாற்றலாம் என்பாள். அந்தக் கடையில் மாற்றித் தருவது சனிக்கிழமை காலையில் மட்டும்தான். "கச்சிதம்" என்றார்.

அன்றிலிருந்து ஆறு வாரம் மெக்கானிக் செஸ் ஆடிவிட்டு நொண்டிக்கொண்டே வந்தார். நடந்ததற்கு அதுவும் ஒரு சாட்சியாயிற்று. நொண்டி நொண்டியே அரையிறுதியைத் தாண்டினார். பத்தாவது சனிக்கிழமை இறுதி ஆட்டம். எதிரே பல் டாக்டர். சரியாகப் பத்து மணிக்குப் பலகையின் முன்னால் இல்லாதவர் தோற்றவர் என்பது விதி.

அந்தச் சனிக்கிழமை மெக்கானிக் ஒன்பதே முக்காலுக்குத் தொப்பியை எடுத்தார். காலணியில் விரல்களை ஒவ்வொன்றாகச் சமாதானப்படுத்தி உள்ளே அனுப்பினார். கதவைத் திறந்தார்.

வாசலில் ஒரு தையல் மெஷின் நின்றது.

அதற்குப் பின்னால் இன்னொன்று. படிக்கட்டு நெடுக, திருப்பம் வரைக்கும், தெருவின் பாதி வரைக்கும் மெஷின்கள். ஒன்று குழந்தையின் தள்ளுவண்டியில் உட்கார்ந்திருந்தது. ஒன்று பயணப் பெட்டிக்குள் இருந்து தலையை நீட்டியது. ஒன்றை ஒரு பெரியம்மா மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு ஆள். எல்லா முகத்திலும் சிரிப்பு.

"வணக்கம்ண்ணே" என்றாள் முதலில் நின்ற பெண். "நீங்கதானே தையலக்கா வீட்டுக்காரர்?"

"ஆமா. என்ன இதெல்லாம்?"

"பத்திலிருந்து பன்னிரண்டு வரைக்கும்னு சொன்னாங்களே. கொஞ்சம் முன்னாடியே வந்துட்டோம்."

"யாரு சொன்னா?"

அந்தப் பெண் போனை எடுத்து அழுத்தினாள். பன்னிரண்டாம் பாகம், பை தைப்பது எப்படி. மூன்று வருஷத்துக்கு முந்தினது. அதைப் பதிவு செய்த அன்றைக்கு அவருக்கு ஜலதோஷம். மூக்கைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தது நன்றாக ஞாபகம் இருந்தது. நடுவில், அவர் கையாலேயே குறித்து வைத்த இடத்தில், மனைவியின் குரல் புத்தம் புதிதாக எழுந்தது.

"அன்பான நேயர்களே, உங்க மெஷின் மக்கர் பண்ணுதுன்னு நிறைய பேர் எழுதறீங்க. என் வீட்டுக்காரர் முப்பத்தோரு வருஷம் மெஷின் பார்த்தவர். தங்கமான கை. வர்ற சனிக்கிழமையிலிருந்து வாரா வாரம் பத்து மணி முதல் பன்னிரண்டு மணி வரைக்கும் வீட்டிலேயே இருப்பார். காசு வேண்டாம். கொண்டு வாங்க. அவருக்கு அந்த நேரம் விடுதலைதான்."

விடுதலை என்ற சொல் வந்ததும் படிக்கட்டு முழுக்க ஒரு சிரிப்பு மேலிருந்து கீழ் வரைக்கும் இறங்கிப் போனது.

மெக்கானிக் திரும்பினார். மனைவி அவருக்குப் பின்னால் நின்றிருந்தாள். கையில் அவருடைய திருப்புளிப் பெட்டி.

"உனக்கு... உனக்கு எப்படித் தெரியும்?"

"காஜா பாடத்தை நானே போட்டுக் கேட்டேங்க. என் வாழ்த்து எப்படி இருக்குன்னு பாக்கலாம்னு. பாத்தா நீங்க பேசறீங்க. 'சோதனை, சோதனை'ன்னு. சோதனைதான்."

"நான் கேட்டப்ப உன் குரல்தானே வந்துச்சு!"

"மாப்பிள்ளையைக் கேட்டேன். ஒரே இடத்துக்கு ரெண்டு பேச்சை ஏத்தி வச்சா மாத்தி மாத்திப் போடுமாம். ஒருத்தருக்கு நான், அடுத்தவருக்கு நீங்க. நீங்க கேட்டப்ப என் முறை."

பொத்தான் கடைக்காரி, தபால்காரர், குறுக்கே வந்த குதிரை எல்லாம் மெக்கானிக்கின் கண்முன்னால் வரிசையாக வந்து நின்றன. பத்து வாரமாகக் கேட்டவர்களில் பாதிப் பேர்.

"தெரிஞ்ச அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீங்க இன்னொரு பொய் சொல்லணும். ஒண்ணே உங்களுக்குப் பாரம். எதுக்கு ரெண்டாவதுன்னு விட்டுட்டேன்." அவள் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்கவில்லை. "நேயர்களும் எழுதினாங்க, அந்தச் செஸ் மாமா நல்லா பேசறாருன்னு. எடுக்க மனசு வரலை."

"மாப்பிள்ளை என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே! அவன் யார் பக்கம்?"

"சாப்பாடு போடறவங்க பக்கம்."

"இப்பவே அதைத் தூக்கு! தளத்திலிருந்து எடு!"

"எடுத்துடலாங்க. ஆனா போன்ல இறக்கி வச்சவங்களுக்கு மாறாதாமே? நீங்கதானே, அது கெடக்கட்டும்னு சொன்னீங்க."

மணி ஒன்பது ஐம்பத்து மூன்று. நூலகம் ஐந்து நிமிஷ நடை. இந்தக் காலணியில் ஏழு நிமிஷம்.

"நீங்க போகணும்னா போங்க. நான் தடுக்கலை" என்றாள் மனைவி. "இவங்ககிட்ட நீங்களே ஒரு வார்த்தை சொல்லிடுங்க, நடக்கப் போறேன்னு."

மெக்கானிக் படிக்கட்டைப் பார்த்தார். நடக்கப் போகிறேன் என்று அந்தப் படிக்கட்டில் நின்று சொல்ல இனி யாராலும் முடியாது. மடியில் மெஷினோடு இருந்த பெரியம்மா மெல்ல நிமிர்ந்தாள். "ரெண்டு பஸ் மாறி வந்தேன்பா. திங்கக்கிழமைக்குள்ள பள்ளிக்கூடச் சட்டை பன்னிரண்டு குடுக்கணும். இது நூலை அறுத்து அறுத்துத் துப்புது."

தங்கமான கை தன்னையறியாமல் நீண்டது. சக்கரத்தை அரைச் சுற்றுச் சுற்றியது. "பாபின் பெட்டியில அழுக்கு" என்று வாய் சொல்லிவிட்டது. முப்பத்தோரு வருஷப் பழக்கம், சபதத்துக்கா கட்டுப்படும்?

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு ஒருவர் மேலே ஏறி வந்தார். பல் டாக்டர். இடுப்பில் ஒரு மெஷினை அணைத்துப் பிடித்திருந்தார்.

"என் வீட்டம்மாவும் இந்த நிகழ்ச்சிதான் கேக்கறா" என்றார். "அவதான் குடுத்து விட்டா. நீங்க நிதானமா பாருங்க, அவசரமே இல்லை. எனக்குப் பத்து மணிக்கு ஒரு வேலை இருக்கு. எதிராளி வருவாருன்னு தோணலை." மெஷினைத் தரையில் வைத்தார். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்தார். "கொஞ்சம் வலிக்கும்."

மெக்கானிக் அந்த மெஷினைத் திறந்து பார்த்தார். பழுது ஒன்றும் இல்லை. ஊசியில் நூல் கோக்காமல் விட்டிருந்தார்கள், அவ்வளவுதான்.

அவர் தரையில் உட்கார்ந்தார். பெட்டியைத் திறந்தார். உட்கார வசதியாக இருக்கட்டும் என்று காலணியைக் கழற்றி ஓரமாக வைத்தார். ஆறு வாரத்துக்குப் பிறகு பத்து விரலும் வெளிச்சம் பார்த்தன.

மனைவி அந்தக் காலணியை எடுத்து, தூசு தட்டி, தன் காலில் போட்டுக்கொண்டாள். நாடாவைக் கட்டினாள். நாலு அடி வைத்துப் பார்த்தாள். அவளுக்கென்றே அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"நீ எங்கே கிளம்பிட்டே?"

"நடக்கத்தாங்க. மூணு வருஷமா டாக்டர் சொல்றாரு. சனிக்கிழமை எங்கே ஒழிஞ்சுது? இப்ப உங்க புண்ணியத்துல ஓய்வு கிடைச்சிருக்கு."

அவருடைய தொப்பியையும் எடுத்துப் போட்டுக்கொண்டு இறங்கிப் போனாள். படிக்கட்டு நெடுக எல்லோரும் மெஷின்களை ஒதுக்கி அவளுக்கு வழி விட்டார்கள்.

மெக்கானிக் இரண்டு மணி நேரத்தில் ஒன்பது மெஷின்களைப் பார்த்தார். மீதிப் பேருக்கு அடுத்த சனிக்கிழமை என்று சீட்டு எழுதிக் கொடுத்தார். பெரியம்மாவின் மெஷின் நூலைத் துப்புவதை விட்டுவிட்டு ஓடியது. அது ஓடிய சத்தத்தில் அவருக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. அதை அவர் யாரிடமும் சொல்லவில்லை. பக்கத்தில் மைக் ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

பன்னிரண்டு மணிக்கு மனைவி திரும்பி வந்தாள். அவளுக்குத் துண்டை நீட்டும்போது மெக்கானிக் கவனித்தார். நெற்றியில், கழுத்தில், முதுகில் எல்லாம் வேர்வை. தொட்டுப் பார்த்தார். சுட்டது.